நூறு எண்ணுவதற்குள்

“எங்க வீட்டுக்காரர் ஓடிப்போற ஆளில்லைங்க. அப்படியே ஓடினாலும் ஆணியை விட்டுட்டு ஓடமாட்டாரு.”

அந்தப் பெண் இப்படிச் சொன்னதும் நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. வேலை நேரத்தில் அண்ணி என்னைப் பார்த்தால் வாயை மூடு என்று அர்த்தம். பார்க்காவிட்டால், இன்னுமா மூடவில்லை என்று அர்த்தம்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் உதவியாளன். வேறெங்கும் வேலை கிடைக்காத கொழுந்தனுக்கு அண்ணி போட்டுக் கொடுத்த உத்தியோகம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?

நாங்கள் நின்றது அந்தப் பெண்ணின் சமையலறையில். அடுப்பு மூன்று நாளாகப் பற்றவில்லை. அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைத்திருந்தார். அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன. சுவரில் ஒரு தெர்மோகோல் அட்டை. அதில் பேனாவால் கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு தேதி எழுதி, தேதிக்கு ஓர் ஆணி குத்தியிருந்தது. பெரும்பாலும் புதுச் செம்புப் பாத்திரம் மாதிரி சிவந்த ஆணிகள். கடைசி மூன்று கட்டங்கள் காலி.

“இது என்னம்மா கணக்கு?” என்றார் அண்ணி.

“அவர் பேரே ஆணிக்காரர்தாங்க. கழிவு மேட்டுல மேஸ்திரி.”

கழிவு மேடு என்பது ஊருக்கு வெளியே இருக்கிறது. பழைய தாமிரச் சுரங்கம் மூடி முப்பது வருஷம் ஆகிறது. அந்தக் காலத்தில் வேண்டாம் என்று வெளியே கொட்டிய கல்லும் மண்ணும் மலையோரமாக ஒரு குன்று அளவுக்குக் கிடக்கிறது. நூறு கிலோ மண்ணில் கால் கிலோ செம்பு இருந்தால் அதிகம். உருக்கி எடுத்தால் கரிச் செலவுக்குக்கூடக் கட்டாது. அதனால் மேட்டின் தலையில் சொட்டுக் குழாய் போட்டு, கொஞ்சமாக அமிலம் கலந்த தண்ணீரைச் சொட்டவிடுகிறார்கள். அது மெல்ல இறங்கி, செம்பைக் கரைத்துக்கொண்டு, அடிவாரத்தில் நீலத் தண்ணீராக வடிகிறது. அந்தத் தண்ணீரைப் பழைய இரும்பு நிரப்பிய தொட்டியில் விட்டால் இரும்பு கரைந்து போகும். அது இருந்த இடத்தில் செம்பு வந்து உட்காரும். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனையே வெளியே தள்ளுகிற கதைதான்.

“தண்ணியில செம்பு எவ்வளவு இருக்குன்னு தெரியணுமில்லையா?” என்றார் அந்தப் பெண். “லேபுக்கு அனுப்ப முதலாளிக்கு மனசு வராது. இவரு ஆணியில நூல் கட்டித் தண்ணியில விடுவாரு. மூணு தரம் முக்கி எடுப்பாரு. அப்புறம் உள்ளேயே விட்டு நூறு எண்ணுவாரு. நூறுல எவ்வளவு செவக்குதோ அவ்வளவு செம்பு. சாயங்காலம் ஆணியை என் கையில குடுப்பாரு. குத்தி வெக்கிறது என் வேலை.”

“பொண்டாட்டிக்கு தினம் ஒரு ஆணி கொண்டுவர்ற புருஷனை இப்பத்தான் கேள்விப்படறேன்” என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்த முறை அண்ணி என்னைப் பார்த்தார்.

பார்த்துவிட்டு அட்டைப் பக்கம் திரும்பினார். “கடைசி பன்னெண்டு நாளா கட்டத்துக்கு ரெண்டு ஆணி இருக்கே. ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெளுப்பு?”

“நானும் கேட்டேங்க. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், வாயை விட்டா வம்புன்னாரு. அப்புறம் ஆளே வரலை. செம்பைத் திருடிட்டு ஓடிட்டாருன்னு முதலாளி இன்னிக்கு சாயங்காலம் புகார் குடுக்கப் போறாராம். புகார் குடுத்துட்டா அப்புறம் போலீஸ் திருடனைத்தான் தேடும். என் புருஷனை யாருங்க தேடுவாங்க?”

அண்ணி அடுப்பு மேடையில் இருந்த ஆணி டப்பாவிலிருந்து இரண்டு புது ஆணிகளையும் ஒரு நூல்கண்டையும் எடுத்துக்கொண்டார்.

எங்களுக்கு வழி காட்டத் தன் தம்பியை அனுப்பினார் அந்தப் பெண். லோடு வண்டியில் பழைய இரும்பு அள்ளி விற்கிறவன். ஊரில் தகரம் என்று கூப்பிடுகிறார்கள். கழிவு மேட்டுத் தொட்டிகளுக்கும் இரும்பு கொடுப்பது அவன்தான். மூன்று நாளாக அவனும் சவரம் செய்யவில்லை. “மாமா எங்கேயாவது நல்லா இருந்தா போதும் சார்” என்றான் என்னிடம். வாசலில் நின்ற அவனுடைய பைக்கின் சைடு ஸ்டாண்டு, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குப் பளபளவென்று சிவந்திருந்தது.

“வண்டிக்கு மருதாணி வெச்சு விட்டிருக்கீங்க போலிருக்கே” என்றேன்.

அவன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் எப்போதுமே சிரிப்பதில்லை என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருக்க வேண்டும்.

மேட்டின் கேட்டில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: இரும்புப் பொருள், வாகனம் உள்ளே வரக் கூடாது. இரும்பு கண்ட இடத்தில் செம்பு ஒட்டிக்கொள்ளும் என்பதால் சைக்கிள்கூட வெளியேதான் நிற்க வேண்டும். காவலாளி என் சாவிக்கொத்தைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார், அண்ணியின் ஆணிகளை மட்டும் விட்டார். தகரம் கொண்டுவரும் இரும்பையும் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போக வேண்டும், உள்ளே தள்ளுவண்டியில்தான் போகும் என்றார்.

முதலாளி குள்ளமாக, வயிற்றெரிச்சலோடு இருந்தார். “ரெண்டு மாசமா செம்பு பாதியாயிடுச்சு. இப்ப ஆளையும் காணோம். ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கூட்ட எனக்குத் தெரியாதா?”

“கூட்டத் தெரியுது சார். கழிக்கத் தெரியுமா?” என்றார் அண்ணி. அந்த வசனம் எனக்கு வந்திருக்க வேண்டியது.

மேட்டின் அடிவாரத்தில் பிளாஸ்டிக் விரித்த வாய்க்காலில் நீலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. குடித்தால் குடல் போய்விடும். அண்ணி குந்தி உட்கார்ந்து முதல் ஆணியை நூலில் கட்டி விட்டார். நான் எண்ணினேன். நாற்பதுக்குள் சிவந்துவிட்டது. முந்நூறு அடி தள்ளி, அதே வாய்க்கால் தொட்டியில் விழும் இடத்தில் இரண்டாவது ஆணி. நூறு எண்ணியும் சோகை பிடித்தவன் நகம் மாதிரிதான் இருந்தது.

“தண்ணி மட்டம் குறையலை. செம்பு மட்டும் குறைஞ்சிருக்கு” என்றார் அண்ணி. “இது என்ன வேலை, தம்பி?”

“பால்காரன் வேலை அண்ணி. கெட்டிப் பாலை எடுத்துட்டு, எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணி.”

“அதேதான். செம்பை யாரும் திருடலை சார். உங்க தண்ணியைத் திருடியிருக்காங்க. உங்க மேஸ்திரி அதைப் பன்னெண்டு நாள் ஆணி வெச்சுப் பிடிச்சிருக்காரு.”

முதலாளி குனிந்து இரண்டு ஆணிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாய்க்காலோரமாகவே நடந்தோம். பாதி தூரத்தில், மேட்டுக்கும் மலைக்கும் நடுவே முள்செடி அடர்ந்த இடத்தில், பிளாஸ்டிக்குக்கு அடியில் இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள். ஒன்று, தொட்டிச் செம்பைக் கழுவ வைத்திருந்த பைப்பிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வாய்க்காலில் விட்டது. அதற்கு மேலே இன்னொன்று நீலத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போனது. போன இடம், மலையோரமாகச் சரிந்து கிடந்த மண் குவியலின் அடி.

“இந்த மண் எப்ப சரிஞ்சுது?”

“மூணு நாள் ஆச்சு. மேடு நனைஞ்சா சரியறது சகஜம்தான்” என்றார் முதலாளி. “பின்னாடி பழைய சுரங்கத்தோட வடிகால் குகை ஒண்ணு உண்டு. மலையைக் குடைஞ்சு அந்தப் பக்கம் போய்த் திறக்கும்.”

அண்ணி அதற்குள் முள்செடியிடம் குனிந்திருந்தார். ஒரு கிளையில் நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை நீலத் தண்ணீருக்குள். மெல்லத் தூக்கினார். முனையில் ஆணி இல்லை. ஆணியின் உருவத்தில் ஒரு சிவப்புப் பொருக்கு இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

நூறு எண்ணி எடுக்க வேண்டிய ஆணி அது. மூன்று நாளாக எடுக்க ஆளில்லாமல் தொங்கி, இரும்பெல்லாம் கரைந்து, செம்பு மட்டும் மிச்சம்.

“நூறு எண்ணறதுக்குள்ள குழாய் எங்க போகுதுன்னு பாத்துட்டு வந்துடலாம்னு உள்ள போயிருக்காரு” என்றார் அண்ணி. அவர் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. “அவர் பின்னாலேயே மண்ணு சரிஞ்சிருக்கு.”

முதலாளி கத்தின கத்தலில் ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். ஒரு கூடை அள்ளினால் இரண்டு கூடை சரிந்தது. அமிலத் தண்ணீர் ஊறின மண், சேறாக வழுக்கியது. இப்படியே போனால் நாளைக்கு மத்தியானம்கூட வாசல் தெரியாது.

“சொட்டுத் தண்ணியை நிறுத்துங்கடா!” என்றார் முதலாளி.

“மேலே நிறுத்துங்க. வாய்க்கால்ல இருக்கறதை மட்டும் நிறுத்தாதீங்க” என்றார் அண்ணி. “அது எங்க போய் விழுதுன்னு நான் பாக்கணும். அந்தப் பக்கம் போக வழி இருக்கா?”

“ரோடே கிடையாது. முப்பது வருஷமா ஒரு நாய்கூடப் போறதில்லை.”

கேட்டுக்கு வெளியே ஒரு பைக் உறுமியது. தகரம் கிளம்பிவிட்டான். உள்ளே எங்கள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தவன் எப்போது ஓடினான் என்று நான் கவனிக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அவன் அந்தச் சிவப்புப் பொருக்கையே வெறித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

காவலாளியிடமிருந்து சாவியைப் பிடுங்கி, என் ஸ்கூட்டரில் அண்ணியை ஏற்றிக்கொண்டு துரத்தினேன். மலையைச் சுற்றி ஒரே கல்லும் குழியும். எனக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்றது. முன்னால் தகரம் பறந்தான். இடப்பக்கம் ஒடித்தான், வலப்பக்கம் ஒடித்தான், ஒரு குழியில்கூட விழவில்லை.

“மாமா மேல என்ன பாசம் பாத்தீங்களா அண்ணி” என்றேன்.

“பாசம் இருக்கு. ரோடே இல்லாத எடத்துல பள்ளம் எங்க இருக்குன்னும் தெரிஞ்சிருக்கு” என்றார் அண்ணி.

மலையின் அந்தப் பக்கம் புதர் மறைவில் ஒரு சிமென்ட் தொட்டி. தொட்டி நிறையப் பழைய இரும்பு, சிவப்புச் சேறு படிந்து கிடந்தது. பக்கத்தில் மிச்ச இரும்பு ஒரு குவியல். பாறையில் குகை வாசல். வாசலில் கம்பிக் கதவு. கதவில் கை முஷ்டி கனத்துக்கு ஒரு பழங்காலப் பூட்டு. கம்பிகளுக்கு இடையே வெளியே வந்த ரப்பர் குழாய், தொட்டியில் நீலத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. தகரம் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டு “மாமா! மாமா!” என்று அலறினான். உள்ளிருந்து பதில் இல்லை. இருட்டும் ஈர நாற்றமும்தான் வந்தன.

அப்போது குழாயில் தண்ணீர் நின்றது.

“போச்சு. வாய்க்காலை மூடிட்டாங்க முட்டாள்கள்” என்றேன்.

மறுபடி கொட்டியது. நின்றது. கொட்டியது. மூன்றாவது தடவை நின்று, கொட்ட ஆரம்பித்து, நிற்காமல் போனது.

“காத்து அடைச்சிருக்கும் அண்ணி.”

“பேசாதே. எண்ணு.”

எண்ணினேன். ஐம்பது, அறுபது, எண்பது. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. நூறு என்றேன்.

தண்ணீர் நின்றது. கொட்டியது. நின்றது. கொட்டியது. நின்றது.

மூணு தரம் முக்கு, அப்புறம் நூறு. உள்ளே எங்கேயோ இருட்டில் ஒரு மனிதர் குழாயை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தத் தொண்டை இல்லாமல் போன பிறகும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி தகரத்தின் தோளைத் தொட்டார். “சாவி எங்கே?”

“அண்ணி, இவன்கிட்ட எப்படிச் சாவி…” என்று ஆரம்பித்த நான் நிறுத்திக்கொண்டேன். தொட்டியைச் சுற்றித் தேங்கியிருந்த நீலத் தண்ணீர் கண்ணில் பட்டது. சரியாக இரண்டு விரல் ஆழம். கேட்டைத் தாண்டாத பைக்குக்கு யார் மருதாணி வைத்தார்கள் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

தகரம் அப்படியே மண்டியிட்டான். “நான் போடற இரும்புலதான் அவங்க செம்பு எடுக்கறாங்க, நானும் எடுத்தா என்னன்னு தோணுச்சு. ரெண்டு மாசம் எடுத்துட்டு விட்டுடலாம்னுதான் இருந்தேன். மாமா காணோம்னதும் தேட ஆள் வருவாங்கன்னு பயந்துட்டேன். மறுநாள் காலையில வந்து பூட்டினேன். உள்ள அவர் இருப்பார்னு எனக்குத் தெரியாதுங்க. எங்கக்கா மேல சத்தியமா தெரியாது.”

“கதையை அப்புறம் கேக்கறேன். சாவி!”

அவன் தொட்டியைக் காட்டினான். தான் அகப்பட்டாலும் சாவி அகப்படக் கூடாது என்று, குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் போட்டிருக்கிறான். முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். எடுத்தும் விட்டான். சாவி சாவியாகத்தான் இருந்தது, தங்கம் மாதிரி தகதகவென்று. நான் பிடுங்கிப் பூட்டில் நுழைத்துத் திருப்பினேன். நனைந்த ரஸ்க் மாதிரி முறிந்தது. பாதி பூட்டுக்குள், பாதி என் கையில். ஆணிக்கு நடந்ததுதான் சாவிக்கும் நடந்திருந்தது.

கல்லால் பூட்டை அடித்தேன். கல் உடைந்தது. குழாயில் தண்ணீர் மறுபடி நின்றது, ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது முறைக்குக் காத்திருந்தோம். வரவில்லை.

“மாமா!” தகரம் நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டான்.

“முட்டிக்கிட்டா கதவு திறக்காது. அடியில பாரு!” என்றார் அண்ணி.

கதவின் அடியில் குழாயின் ஓர் இணைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஒழுகியிருக்கிறது. அந்த ஈரத்தில் நின்ற நான்கு கம்பிகளும் அடியில் சிவந்து, அரித்து, பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தன. இரும்புக் குவியலிலிருந்து ஒரு லாரி அச்சுக் கம்பியை நானும் தகரமும் இழுத்து வந்து நெம்பினோம். முதல் கம்பி மளுக் என்றது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதை அவன் வெறும் கையாலேயே ஒடித்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது அவனுக்குத் தெரியவில்லை. புகுந்து ஓடினான்.

அவன் மாமாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தபோது எனக்கு முதலில் முகம் தெரியவில்லை. மண் அப்பிய ஒரு தலையும் வெடித்த உதடுகளும்தான் தெரிந்தன. சரிவில் கல் விழுந்து முறிந்த ஒரு கால் தொங்கியது; கதவு பூட்டுவதற்கு முன்பே அவர் நடந்து வெளியே வர முடியாமல் போனது அதனால்தான். கையில் காலியான தண்ணீர் பாட்டில். மூன்று நாளும் அதன் மூடியில் அளந்து அளந்து குடித்திருக்கிறார். அண்ணி துணியை நனைத்து உதட்டில் வைத்தார்.

ஆணிக்காரர் கண்ணைத் திறந்து மைத்துனனைப் பார்த்தார். “மாப்ள” என்றார். “மறுநாள் காலையில உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சுடா. கத்தினேன். உனக்குக் கேக்கலையா?”

“கேக்கலை மாமா. வண்டியை ஆஃப் பண்ணாமலே பூட்டிட்டேன் மாமா. கேக்கலை.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளியின் ஜீப் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் போனில் சொன்ன பிறகுதான் அண்ணி தகரத்தை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். முறிந்த சாவியின் பாதியை அவன் கையில் வைத்து, “நீயே சொல்லு. நான் சொன்னா வேற மாதிரி இருக்கும்” என்றார்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு உயிர் வந்திருந்தது. “தம்பி, மாமா கிடைச்சுட்டாருடா!” என்று ஓடி வந்தவர், அவன் நீட்டிய கையைப் பார்த்து நின்றார்.

“என்னடா இது?”

“சாவிக்கா. நான் மாமாவை உள்ள வெச்சுப் பூட்டின பூட்டோட சாவி.”

அவன் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அவனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சாவித் துண்டை வாங்கி, அட்டையில் காலியாக இருந்த முதல் கட்டத்தில் குத்தினார். பிறகு தம்பிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“நூறு எண்ணறேன். அதுக்குள்ள நீயா போலீஸுக்குப் போயிடு. நூறு ஆச்சுன்னா நான் கூட்டிட்டுப் போவேன். ஒண்ணு. ரெண்டு.”

“அக்கா.”

“மூணு. நாலு.”

பதினேழில் அவன் படியிறங்கினான். பைக்கைத் தொடாமல் நடந்தே போனான். அண்ணி கொஞ்சம் தள்ளி அவன் பின்னால் போனார். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை, எண்ணுவதை விடவும் இல்லை. நூறு வரை முழுசாக எண்ணி முடித்த பிறகுதான் அழுதார்.